வாசகர் கேள்வி: கொலாஜன் ஏன் குறைகிறது?

கேள்வி: வைரஸால் உருமாற்றம் அடைந்த செல்களில், திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜன் குறையும் என்று படித்தேன். இருக்கும் கொலாஜன் சிதைக்கப்படுகிறதா, செல்லே அதைத் தயாரிப்பதில்லையா? சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இப்படி நேருமா? – முதுகலை மாணவி, திருச்சி

பதில்: காய்ச்சலைப் பற்றிய கவலை வேண்டாம். உருமாற்றம் என்பது வைரஸின் மரபணு செல்லுக்குள் நிலைத்து, அதைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்வது; சளிக்காய்ச்சல் வைரஸ்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1911இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரௌஸ் கோழிக்கட்டியின் வடிகட்டிய சாற்றில் கண்டறிந்த சார்கோமா (இணைப்புத் திசுப் புற்று) வைரஸ். (நோபல் பரிசு அவரை வந்தடைந்தது 1966இல்தான்.) கோழிக்கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டுகள் (இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்கள்) வளர்ப்புத் தட்டில் நீண்டு மெலிந்து, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து, கொலாஜனைச் சுரந்துகொண்டிருக்கும். இந்த வைரஸ் தொற்றிய பின்போ அவை உருண்டு, பிடிப்பு தளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கொலாஜன் உற்பத்தியும் பல மடங்கு சரிந்துவிடுகிறது.

உருமாறிய செல்கள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளையும் கூடுதலாக வெளியிடுவதால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும் 1970களின் பிற்பகுதியில் செல்லுக்குள் இருக்கும் தூது ஆர்.என்.ஏ.வை (புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) அளந்து பார்த்தபோது, கொலாஜனுக்குரியதே வெகுவாகக் குறைந்திருந்தது. அதாவது, மரபணுவைப் படியெடுக்கும் கட்டத்திலேயே கை வைக்கப்படுகிறது.

என் பார்வையில் இவற்றுள் மிக அழகான சான்று, வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் வைரஸ் திரிபுகள் தந்தது. அவற்றில் உருமாற்றத்துக்குக் காரணமான 'சார்க்' மரபணுவின் புரதம் 41 டிகிரி செல்சியஸில் செயலிழந்து, 35 டிகிரி அளவில் வேலை செய்யும். அதே தட்டைச் சூடான பெட்டியில் வைத்தால் செல்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பிக் கொலாஜனைத் தயாரிக்கின்றன. குளிர்ந்த பெட்டிக்கு மாற்றினால் உற்பத்தி மீண்டும் சரிகிறது. இரு நிலையிலும் வைரஸ் உள்ளேயேதான் இருக்கிறது. மாறுவது அந்த ஒரு புரதத்தின் செயல் மட்டுமே.

ஒரு திருத்தமும் தேவை. குருத்தெலும்புச் செல்களை இதே வைரஸ் உருமாற்றும்போது, அவற்றுக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜன் குறைந்து, அவை வழக்கமாகத் தயாரிக்காத முதல் வகை தலைகாட்டுகிறது. ஆகையால் தேர்வில் "குறைகிறது" என்று மட்டும் எழுதாமல், எந்தச் செல், எந்த வகைக் கொலாஜன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.