எழுதுகிறவருக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்காவில் விண்வெளித் தொடர்கள் நன்றாக வருவதற்குக் காரணம் பணம்தானே? கோடிகளைக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கதை எழுதுகிறவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது ஏன்? - ஒரு வாசகர்

பதில்: 'பாபிலோன் 5' பார்த்திருக்கிறீர்களா? 1993-ல் முன்னோட்டப் படம், 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன், 110 எபிசோடுகள். அதே காலத்து 'ஸ்டார் டிரெக்' தொடர்களோடு வைத்துப் பார்த்தால் ஏழை வீட்டுக் கல்யாணம்தான். பெரிய ஸ்டுடியோ கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸில், சன் வேலி பகுதியில் ஒரு கிடங்குக்குள் செட் போட்டு எடுத்தார்கள்.

உருவாக்கியவர், தயாரித்தவர், 110-ல் 92 எபிசோடுகளை எழுதியவர் எல்லாம் ஒரே ஆள்: ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. மூன்றாவது, நான்காவது சீசன்களில் வேறு யாருடைய பேனாவும் படவில்லை. குழந்தைகளுக்கான கார்ட்டூன்களுக்கும், 'மர்டர், ஷி ரோட்' என்ற துப்பறியும் தொடருக்கும் எழுதிப் பழகிய கை, வேகம் இருக்கத்தான் செய்யும். எனக்கு அந்த வேகம் பெரிதில்லை. கதையை யோசிக்கும்போதே செலவையும் யோசித்தாரே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

விண்கலம் வாரம் ஒரு கிரகத்துக்குப் போனால் வாரம் ஒரு செட் போட வேண்டும். பணம் அங்கேதான் கரைகிறது. இவர் கதையை ஒரே விண்வெளி நிலையத்தில் உட்கார வைத்தார். தூதர், கடத்தல்காரர், அகதி, வியாபாரி எல்லாரும் அங்கே வந்துதானே ஆக வேண்டும்? செட் போட்டது போட்டபடி இருக்கும். கலங்களுக்கு மினியேச்சர் மாடல்கள் செய்யாமல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். அதுவும் ஆரம்பத்தில் அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களில்.

அடுத்தது நடிகர்கள். ஐந்து வருடக் கதை என்றால் நடுவில் யாராவது விலகத்தான் செய்வார்கள். அதனால் முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிவாசலை முன்பே யோசித்து வைத்திருந்தார். முதல் சீசன் முடிந்ததும் நாயகன் மைக்கேல் ஓ'ஹேர் விலகினார். புதிய தளபதியாக புரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்தார், கதை நிற்கவில்லை. மூன்றாவது சீசனில் ஓ'ஹேரைத் திரும்ப அழைத்து அவர் பாத்திரத்தின் கதையையும் முடித்து வைத்தார். விலகலுக்குக் காரணம் மனநலப் பாதிப்பு என்பதை, ஓ'ஹேர் 2012-ல் இறந்த பிறகுதான் வெளியே சொன்னார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை.

சரி, குறையே இல்லையா? உண்டு. வசனங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சாகிவிடும். நான்காவது சீசனோடு மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் கதையை அவசரமாகச் சுருட்டி, இறுதி எபிசோடைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அப்புறம் டிஎன்டி சேனல் ஐந்தாவது சீசனுக்குப் பணம் கொடுத்தது. சொல்லக் கதை மிச்சமில்லாமல் அதன் முதல் பாதி இழுவையோ இழுவை. பணம் வந்தும் இந்தக் கதி.

அதே டிஎன்டிதான் அடுத்து 'குருசேட்' என்ற கிளைத் தொடருக்கும் பணம் போட்டது. கூடவே, உடையை மாற்று, சண்டையைச் சேர் என்று எழுதுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று யோசனையும் சொன்னது. 1999-ல் ஒளிபரப்பு தொடங்கும் முன்பே படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 13 எபிசோடுகள். 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்கிறீர்களே, அந்தப் பதின்மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.