வெளிநாட்டுப் படை விலகினால் நாடு உடனே சரிந்துவிடுமா?

படை விலகல் என்றால் வீரர்கள் விமானம் ஏறிப் போவது மட்டுமில்லை. அவர்களோடு சம்பளப் பணம், ஆயுதப் பராமரிப்பு, உளவுத் தகவல் எல்லாமே போகலாம். இதில் எது நின்றுபோகிறது என்பதுதான் நாட்டின் கதியைத் தீர்மானிக்கிறது.

புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்துக்கு முட்டு கொடுப்பது போலத்தான். இறுகும் முன்பே உருவினால் தளம் தாங்காது.

ஆப்கானிஸ்தானில் இது இரண்டு முறை நடந்தது. சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் வெளியேறின. அவர்கள் ஆதரவில் இருந்த அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதம்கூடத் தாங்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. மாஸ்கோவிலிருந்து பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டே இருந்ததே காரணம். சோவியத் யூனியன் கலைந்து அந்த வரத்து நின்றதும், சரி, கதை முடிந்தது.

2021-இல் அமெரிக்கப் படைகள் விலகியபோது அந்த அவகாசமே கிடைக்கவில்லை. அரசுச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டு உதவி. விமானப்படையின் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்த ஊழியர்களும் கிளம்பிவிட்டார்கள். போதாததற்கு, படை விலகல் பற்றி 2020-இல் அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தத்தில் காபூல் அரசுக்கு இடமே இல்லை. மன உறுதி அங்கேயே பாதி போயிருக்கும். கடைசி அமெரிக்க விமானம் ஆகஸ்ட் 30 அன்று கிளம்பும் முன்பே, 15-ஆம் தேதி காபூல் தாலிபானிடம் விழுந்தது.

ஆப்கன் வீரர்கள் சண்டையே போடவில்லை என்று பலர் சொல்வது தவறு: இருபது ஆண்டுப் போரில் உயிரிழந்த ஆப்கன் வீரர்களும் காவலர்களும் 60,000-க்கும் மேல்.