மணிக்கட்டில் கம்ப்யூட்டர், கையில் ஸ்லேட்: டீகோ முழுக்கு பற்றிய கேள்வி பதில்

டீகோ முழுக்குக்கு டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து எங்கே எவ்வளவு நிற்கவேண்டும் என்று காட்டும் மணிக்கட்டுக் கருவி) மட்டும் நம்பலாமா, அச்சடித்த பிளானும் வேண்டுமா? இதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் கீழே. டீகோ என்றால் நேராக மேலே வர முடியாத முழுக்கு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழியில் சில ஆழங்களில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். அப்படி நிற்பதுதான் ஸ்டாப். அவசரப்பட்டு ஏறினால் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து, டெக்னிக்கல் கோர்ஸ் சேரப்போகும் ஒருவர்: அண்ணாச்சி, நல்ல கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை அதுவே கணக்குப் போடுகிறது. அப்புறம் எதற்குப் பேப்பர்?

வாங்கியது நல்ல காரியம் தம்பி, அதைக் கழற்றச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு என்ன தெரியும் என்று பாருங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், மூச்சிழுப்பது எந்த காஸ் (காற்றா, ஆக்சிஜனா) என்று நீங்கள் சொல்லிவைத்தது, அவ்வளவுதான். உங்கள் உடம்பை அது பார்க்கவில்லை. 1908-இல் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, நைட்ரஜன் ஏறும் வேகத்தை வைத்து உடம்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்து முதல் டேபிளை, அதாவது எந்த ஆழத்துக்கு எவ்வளவு நேரம் என்ற அட்டவணையைப் போட்டார். சூரிச்சில் பியூல்மன் அதைப் பதினாறு பகுதியாக்கினார். மிக மெதுவான பகுதியில் நைட்ரஜன் பாதி நிறைய 635 நிமிஷம் ஆகும் என்பது அவர் கணக்கு. இன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களில் ஓடுவது இந்தக் கணக்குதான். அது ஒரு கற்பனை உடம்பின் கணக்கு. நேற்று ராத்திரி நீங்கள் தூங்கவில்லை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பதெல்லாம் அதில் வராது.

பேப்பர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் காற்று. 40 மீட்டரில் அழுத்தம் ஐந்து மடங்கு. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 100 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் டேங்கில் 200 பார் (மேலே இருக்கும் அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு) அடைத்தால் மொத்தம் 2400 லிட்டர். அடியில் 25 நிமிஷம் இருந்தால் 2500 லிட்டர் போய்விடும். ஸ்டாப்புக்கு ஒன்றும் மிஞ்சாது, ஏறவே காற்றில்லை. கூட வருபவருக்கு ரெகுலேட்டர் (டேங்கிலிருந்து மூச்சிழுக்கும் கருவி) கோளாறானால் அவருக்கு எங்கிருந்து கொடுப்பீர்கள்? டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கம்ப்யூட்டர் உண்டுதான். ஆனால் போதாது என்று அது சொல்லும் இடம் 40 மீட்டர். பேப்பரில் போட்டிருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும். காற்றை எண்ணாமல் இறங்காதீர்கள்.

அதனால் முந்தின நாள் உட்கார்ந்து பிளான் போடுங்கள். நினைத்த ஆழம், நேரத்துக்கு ஒன்று. 5 மீட்டர் கூடுதலாகப் போய்விட்டால், 5 நிமிஷம் கூடுதலாக இருந்துவிட்டால் என்று இன்னொன்று. ஏறும்போது மூச்சிழுக்க வைத்திருந்த ஆக்சிஜன் டேங்க் கைவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாவது. ஸ்லேட்டில் (தண்ணீருக்குள் கொண்டுபோகும் எழுதுபலகை) ஆழம், அங்கே நிற்கும் நிமிஷம், இறங்கியதிலிருந்து மொத்த நிமிஷம், எந்த காஸ் என்று நான்கு வரிசை போதும். பென்சிலால், பெரிய எழுத்தில் எழுதுங்கள். 40 மீட்டரில் நைட்ரஜன் மயக்கத்தில் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

தூத்துக்குடி: எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் நல்லது?

கம்பெனி பெயர் சொல்வதில்லை. உங்கள் கோர்ஸ் ஆசிரியர் பயன்படுத்துவதை வாங்குங்கள், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும்.

வள்ளியூர்: நானும் என் தம்பியும் சேர்ந்தே போகிறோம், சேர்ந்தே வருகிறோம். ஒரு கம்ப்யூட்டர் போதாதா?

போதாது. அவர் உங்களைவிட இரண்டு மீட்டர் கீழே இருந்திருப்பார். காலையில் தனியாக ஒரு முழுக்குப் போயிருப்பார். உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

திருநெல்வேலி டவுன்: ஸ்லேட் 6 மீட்டரில் 12 நிமிஷம் என்கிறது, கம்ப்யூட்டர் 8 நிமிஷம் என்கிறது. எதைக் கேட்பது?

எது அதிகமோ அதை, காற்று இருக்கும்வரை. பெரும்பாலும் ஸ்லேட்தான் அதிகம் காட்டும். முழு நேரமும் அடியாழத்திலேயே இருந்ததாக வைத்துத்தான் பிளான் போடுகிறோம், ஆனால் தண்ணீரில் ஏறி இறங்கித்தான் நீந்துகிறோம். கம்ப்யூட்டர் அதிகம் காட்டினால் நீங்கள் பிளானைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே ‘5 நிமிஷம் கூடுதல்’ பிளானுக்கு மாறுங்கள். கம்ப்யூட்டர் அணைந்தே போனால் ஸ்லேட்டும், தனியாகக் கட்டிய ஆழமானியும் கடிகாரமும் உங்களைக் கரை சேர்க்கும்.

நாகர்கோவில், பிசிக்ஸ் மாணவி: முதல் ஸ்டாப்பை ரொம்ப ஆழத்தில் போடுவது நல்லது என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள் தங்கச்சி. அமெரிக்கக் கடற்படை ஆட்களை வைத்துச் சோதித்து 2011-இல் அறிக்கை விட்டது. மொத்த ஸ்டாப் நேரம் ஒன்றே என்றாலும், ஆழத்தில் அதிகம் நின்றவர்களுக்குத்தான் பாதிப்பு கூடுதலாக வந்தது. ஆழத்தில் நிற்கும்போது மெதுவான பகுதிகளில் நைட்ரஜன் இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். உங்கள் கம்ப்யூட்டரில் கிரேடியன்ட் ஃபாக்டர் என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் குறையக் குறைய முதல் ஸ்டாப் ஆழத்துக்குப் போகும், அதனால் அதை மிகவும் குறைத்தால் இதே தவறு நடக்கும். ஸ்லேட்டில் போட்ட எண்ணும் கம்ப்யூட்டரில் போட்ட எண்ணும் ஒன்றுதானா என்று படகிலேயே பாருங்கள்.

உவரி, ஒரு பெரியவர்: எங்கள் பாட்டன், முப்பாட்டன் கொற்கைக் காலத்திலிருந்து முத்தும் சங்கும் குளித்தவர்கள். கல்லும் கயிறும்தான். கம்ப்யூட்டரும் கிடையாது, பேப்பரும் கிடையாது. யாருக்கு என்ன ஆச்சு?

ஐயா, அவர்கள் திறமைக்கு முன்னால் நானெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் ஒரே மூச்சில் போய் வந்தவர்கள். கரையில் இழுத்த காற்று மட்டும்தான் நெஞ்சில் இருந்தது. நைட்ரஜன் சேர நேரமே இல்லை. அப்படியும் பசிபிக்கில் துவாமோட்டு தீவுகளில் 30, 40 மீட்டருக்கு நாள் முழுக்க மூச்சடக்கிப் போய்வந்த முத்துக்குளிகாரர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்தன. ‘தாரவனா’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இப்போது சங்குக்குப் போகிறவர்கள் படகில் கம்ப்ரசர் வைத்து ஹோஸில் மூச்சிழுக்கிறார்கள். முப்பாட்டன் செய்த வேலை வேறு, இது வேறு. 18 மீட்டரில் ஸ்டாப் இல்லாமல் மேலே வர, அமெரிக்கக் கடற்படை டேபிள் தருவது சுமார் ஒரு மணி நேரம். ஹோஸில் காற்று தீர்வதே இல்லை. டேங்க் வைத்திருப்பவனைக் காலி டேங்காவது மேலே விரட்டும். கம்ப்ரசர்காரனை விரட்ட ஒன்றுமில்லை, மூன்று மணி நேரம் இருந்துவிடுகிறான். தெரியாமலேயே அவன் செய்வது டீகோ முழுக்கு.

இடிந்தகரை: உவரிப் பெரியவர் சொல்வதுதான் சரி. பழகிய உடம்புக்கு ஒன்றும் ஆகாது. முட்டி வலி வயசால் வருவது.

தம்பி, முப்பது வயதில் தோளும் முட்டியும் கடலிலிருந்து வந்த சாயங்காலம் மட்டும் வலித்தால் அதற்கு வயசு காரணமில்லை. பழகிய உடம்பு என்று இந்த விஷயத்தில் நம்பி இருக்காதீர்கள். பழகியவன் கூடுதல் நேரம் இருக்கிறான், கூடுதல் நைட்ரஜன் ஏற்றிக்கொள்கிறான். இன்னொன்றும் சொல்லவேண்டும்: கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாய் எஞ்சின் புகைப் பக்கம் இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளை முடித்துவிடும்.

கூத்தங்குழி: அப்போ கம்ப்ரசர்காரர்களும் கம்ப்யூட்டர் கட்டவேண்டுமா? அவ்வளவு காசுக்கு எங்கே போவது?

காசில்லை என்றால் அவர்களுக்குத்தான் அச்சடித்த டேபிள் முதலில் வேண்டும். லேமினேட் செய்த ஒரு தாள். ஆழத்தைக் கயிற்று முடிச்சால் அளக்கலாம், நேரத்தைப் படகில் இருப்பவர் கடிகாரத்தில் பார்த்துக் கயிற்றை இழுத்துச் சொல்லலாம். டேபிள் சொல்லும் நேரம் வந்ததும் மேலே. அடுத்து இறங்கும்போது முந்தைய முழுக்கின் நைட்ரஜனும் சேர்த்துக் கணக்கு. அது எப்படி என்று உங்கள் படகுக்கு வந்து காட்டுகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

சாத்தான்குளம்: போனில் ஆப் இருக்கிறதே, பேப்பர் எதற்கு?

பாளையங்கோட்டைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஆப்பில் பிளான் போடலாம், போட்டதை ஸ்லேட்டில் எழுதிக்கொண்டு இறங்குங்கள். காற்றையும் எண்ணுங்கள்.

அம்பாசமுத்திரம்: ஞாயிறு காலை தூத்துக்குடியில் முழுக்கு, சாயங்காலம் குடும்பத்தோடு மாஞ்சோலை. விமானம் ஏறவில்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல். 600 மீட்டரைத் தாண்டினாலே விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும். ஸ்டாப் தேவைப்படாத ஒரே முழுக்கு என்றால் 12 மணி நேரம், பல முழுக்கு என்றால் 18, டீகோ என்றால் ஒரு நாள் முழுசாக விடுங்கள். கொடைக்கானல் 2100 மீட்டர், விமானக் கேபினுக்குச் சமம் என்றே வையுங்கள். குற்றாலம் மெயின் அருவி மலையடிவாரம்தான், அங்கே தாராளமாகப் போகலாம்.

வீரவநல்லூர்: எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கலாம் அண்ணாச்சி?

தூத்துக்குடிக்குச் சொல்லிவிட்டேன். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

உவரிப் பெரியவர் மறுபடியும்: கால் மரத்துப்போன ஆளைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினால் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கம் செய்வார்கள். அதுவும் தப்பா?

தப்புதான் ஐயா. இறக்கியதும் குமிழி சுருங்கும், வலி குறையும். அதனால்தான் நம்புகிறார்கள். ஆனால் காற்றையே இழுப்பதால் நைட்ரஜன் இன்னும் ஏறும், திரும்ப வரும்போது முன்னைவிட மோசமாகும். காலில் உணர்ச்சி இல்லாதவன் கயிற்றைப் பிடித்து நிற்கவும் முடியாது. மருத்துவமனைச் சேம்பரிலும் (ஆளை உள்ளே வைத்து அழுத்தம் ஏற்றும் அறை) 18 மீட்டர் அழுத்தத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள், ஆனால் சுத்த ஆக்சிஜன் கொடுத்து, கிட்டத்தட்ட 5 மணி நேரம், டாக்டர் பார்வையில்.

படகில் செய்யவேண்டியது: ஆளைப் படுக்க வையுங்கள். மாஸ்க் போட்டு 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள், சரியானதுபோல் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள். நினைவு இருந்தால் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். 108-ஐக் கூப்பிட்டு, ‘கம்ப்ரசரில் முழுகியவர்’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வாதமாகப் பார்ப்பார்கள். எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் மாஸ்க்கும் ஊர்ப் படகுகள் சேர்ந்து வாங்கிவைத்தால் போதும். அதற்கு யாரைக் கேட்பது, எப்படிப் பழகுவது என்பதற்கு நானே உவரி வருகிறேன், ஐயா.