எட்டாவது பீரியடில் சினிமா

கேள்வி: ஏற்காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். வரும் ஜூனிலிருந்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு சினிமாவை ஒரு பாடமாக நடத்தச் சொல்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். வாரம் ஒரு பீரியடு, அதுவும் கடைசி பீரியடு. எனக்குப் படம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். கேமரா கிடையாது. ஸ்மார்ட் போர்டு ஒன்று இருக்கிறது, மழை பிடித்தால் கரண்ட் இருக்காது. பாடத்திட்டம் எங்கே கிடைக்கும், எங்கிருந்து ஆரம்பிப்பது? (பெயர் வேண்டாம், ஏற்காடு)

பதில்: தலைமை ஆசிரியரே நடத்தச் சொல்கிறாரா? உங்களுக்குச் சுக்கிர தசை, டீச்சர். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது இதே வகுப்பை நடத்த ஒன்றரை வருஷம் கெஞ்சினேன். கிடைத்த பீரியடையும் அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்குக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள், கேட்டால் "படம்தானே சார், லீவுல பாத்துக்கட்டும்" என்று பதில் வந்தது. அதனால் கேமராவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், அந்தக் கடைசி பீரியடு டிசம்பரிலும் உங்களிடமே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டு, ஒன்பதுக்கு சினிமா என்று தனிப்பாடம் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் பதினொன்று, பன்னிரண்டில் ஊடகம் பற்றி ஒரு விருப்பப் பாடம் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே சினிமாவும் ஒரு பாடம். அதையெல்லாம் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், ஆனால் அப்படியே இறக்கி எட்டாம் வகுப்பின் தலையில் வைத்துவிடாதீர்கள். பாடத்திட்டம் இல்லை என்றால் பரீட்சையும் இல்லை, அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று உங்களுக்கே தெரியும்.

முழுப் படம் போடாதீர்கள். நாற்பது நிமிட பீரியடில் இரண்டரை மணி நேரப் படம் ஓட நாலு வாரம் ஆகும், மூன்றாவது வாரம் கதாநாயகி யாருடைய தங்கை என்பதே மறந்துபோகும். முழுப் படத்துக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள் (அரசுப் பள்ளிகளில் 2022-லிருந்து மாதம் ஒரு படம் திரையிடும் திட்டம் இருக்கிறதே, அந்த மாதிரி). வகுப்புக்கு மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும், அதை மூன்று தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை சத்தமே இல்லாமல் படம் மட்டும், இரண்டாவது தடவை திரையை மறைத்துவிட்டு ஒலி மட்டும், மூன்றாவதாக இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: என்ன பார்த்தாய், என்ன கேட்டாய்? பிள்ளைகள் உடனே கதை சொல்ல ஆரம்பிப்பார்கள், "அவன் கெட்டவன் சார்" என்பார்கள். கெட்டவன் என்று எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். கொஞ்ச நேரம் முழிப்பார்கள், அப்புறம் ஒருவன் மெதுவாக "அவன் மூஞ்சியில பாதி இருட்டா இருக்கு" என்பான். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. க்ளோசப், லாங் ஷாட், கட் என்ற பெயர்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "மூஞ்சி மட்டும் பெருசா வருமே, அது" என்று பிள்ளை திக்கித் திணறும்போது அந்தப் பெயரைக் கொடுத்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

இரண்டாவது மாதத்தில் ஒரு பயிற்சி. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. கேமரா நகராது, வெட்டும் கிடையாது. ஒன்றில் தொழிற்சாலைக் கதவு திறக்கிறது, ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். பிரான்சில் ரொம்ப வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளையும் இதே மாதிரி ஒரு நிமிடம் எடுக்கச் சொல்கிறார்கள். நீங்களும் சொல்லுங்கள். ஒரு போன், ஒரு இடம், ஒரு நிமிடம், போனை அசைக்கக் கூடாது, எடுத்த பிறகு வெட்டக் கூடாது. எங்கே வைப்பது, எப்போது ஆரம்பிப்பது என்ற இரண்டு முடிவுகளை மட்டும் பிள்ளை எடுக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் இயக்குநர் வேலையில் முக்கால்வாசி அந்த இரண்டு முடிவுகளுக்குள் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் எடுத்ததைச் சொல்கிறேன். வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை, அம்மா தரையில் உட்கார்ந்து சலங்கை பொருத்துகிறார். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டான், அதனால் படத்தில் அம்மாவின் முகம் இல்லை, கையும் கொலுசும் மடியும் மட்டும்தான். நாற்பது விநாடி இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரை கருப்பாகிவிட்டது, ஆனால் சலங்கைச் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து "டேய், அந்த மெழுகுவர்த்திய எடு" என்று குரல், அத்தோடு முடிந்துவிட்டது. கெட்டுப்போச்சு சார், திரும்ப எடுத்துட்டு வரேன் என்றான். வகுப்பே சண்டைக்கு வந்துவிட்டது, எடுக்கக் கூடாது, அதுதான் நல்லா இருக்கு என்று. இருட்டில் எப்படிச் சரியாகப் பொருத்துகிறார், இத்தனை வருஷமாகச் செய்கிறாரோ என்று ஒரு பெண் கேட்டாள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் உங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வசதி. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குள் நுழையும்போது, ஏற்காடு மெயின் ரோட்டில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கும், பிள்ளைகள் நூறு தடவை பஸ்ஸில் கடந்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது அது. டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் இங்கே ஸ்டுடியோ போட்டு, நூற்றுக்கு மேல் படங்கள் எடுத்த இடம். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938) இங்கேதான் உருவானது. ‘மந்திரி குமாரி’ (1950) கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு, இயக்கியது எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கரும் சுந்தரமும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இந்த ஸ்டுடியோவின் படம்தான். 1963-இல் சுந்தரம் மறைந்தார், அதன் பிறகு மெல்ல மெல்ல மூடியாகிவிட்டது, இப்போது உள்ளே வீடுகள். பிள்ளைகளை அந்த வளைவுக்கு எதிரே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், அந்த ஒரு நிமிடப் படத்தை அங்கேயும் எடுக்கட்டும். சேலத்தில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகளிடம், அங்கே லைட் தூக்கியவர், தச்சு வேலை பார்த்தவர், கூட்டத்தில் நின்றவர் யாராவது குடும்பத்தில் உண்டா என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். நடிகர்களைப் பற்றி எழுதக் கோடிப் பேர் இருக்கிறார்கள், செட்டுக்கு ஆணி அடித்தவரைப் பற்றி உங்கள் ஒன்பதாம் வகுப்புதான் எழுத வேண்டும்.

சட்ட விஷயம் இரண்டே வரி. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் பள்ளிகளுக்கு விலக்கு இருக்கிறது: பள்ளிச் செயல்பாடாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் இருந்து படம் பார்க்கலாம். வெளி ஆட்களுக்கு டிக்கெட் போட்டால் கதை வேறு. படத்தின் சென்சார் சான்றிதழையும் பாருங்கள், இப்போதெல்லாம் யு.ஏ. என்பதே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, எட்டாம் வகுப்புக்கு 16+ போட்டுவிட்டு அப்புறம் தலைமை ஆசிரியர் அறையில் நிற்காதீர்கள்.

கரண்ட் இல்லாத நாளா? கவலையே வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மூடுபனியை நாலு கட்டமாக வரையச் சொல்லுங்கள், எந்தக் கட்டத்தில் ஆள் வருகிறார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன். பள்ளியில் சினிமா வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து இயக்குநர் ஆகப்போகிறேன் என்கிறாள். படம் பார்க்கவா சார் பீஸ் கட்டுகிறோம்? (ஒரு தகப்பன், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: கோபம் நியாயம்தான் அண்ணே. ஆனால் செய்யுளைப் பதம் பிரித்துப் படிக்கிற மாதிரிதான் காட்சியைப் பிரித்துப் பார்ப்பதும், நல்ல வகுப்பாக இருந்தால் அவள் தமிழ்த் தாளிலேயே வித்தியாசம் தெரியும். எழுதியதை வாங்கிப் படித்துப் பாருங்கள். வகுப்பில் வெறுமனே படம் ஓட்டிவிட்டு ஆசிரியர் போன் பார்த்துக்கொண்டிருந்தால் தாராளமாகப் போய்ச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். இயக்குநர் ஆவதைப் பற்றி ப்ளஸ் டூ முடிந்ததும் பேசலாம், சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ப்ளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். புனேயில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியில் பெரும்பாலும் டிகிரி கேட்பார்கள். அதுவரை கணக்கை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, குறும்படம் எடுக்க எந்த போன் வாங்கலாம்? அப்பாவிடம் கேட்க வேண்டும். (பத்தாம் வகுப்பு, அஸ்தம்பட்டி)

பதில்: வாங்காதே தம்பி. அப்பாவின் பழைய போனே போதும். குறுக்கே பிடி. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும், நடுவில் பளிச் பளிச்சென்று மாறாது. காசு இருந்தால் மைக்குக்குச் செலவு செய். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள், பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு எடு. எடுக்கும் முன் ஏரோப்ளேன் மோடில் போடு, இல்லாவிட்டால் உன் கதாநாயகன் அழும்போது அத்தை கூப்பிடுவார்.