சென்னை - சிங்கப்பூர்: ஏழு மணி நேரமா, மூன்றரை மணி நேரமா?

கேள்வி: மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறோம். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.10-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு மணி நேரம்! திரும்பும்போதோ, மாலை 7.10-க்கு ஏறினால் 8.55-க்கே சென்னையாம். தூரம் காட்டும் இணையதளம் ஒன்று 2,900 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்கிறது. எதை நம்புவது? நேரம் குறைவாகக் காட்டும் விமானத்துக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா?

பதில்: டிக்கெட்டையே நம்புங்கள். அதில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது அதைக் கழித்தால் 4 மணி 25 நிமிடம். வரும்போது கூட்டினால் 4 மணி 15 நிமிடம்.

இணையதளம் போடுவது அரைக்கணக்கு. இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்துவிடுகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பதும் அதற்குத் தெரியாது. டிக்கெட் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேரும் நிலையத்தில் நிற்கும் வரை. இதைத்தான் 'பிளாக் டைம்' என்பார்கள். தாமதம் என்ற கெட்ட பெயர் வராமலிருக்க, நிறுவனங்கள் இதில் சில நிமிடங்களைக் கூட்டியே போடுவதும் உண்டு. எனவே 15 நிமிட வித்தியாசத்தை வேகம் என்று எண்ணி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

காற்றும் கணக்கைக் கலைக்கும். ஜூலை, ஆகஸ்டில் தரையில் மேற்குக் காற்று வீசினாலும், தென்னிந்தியாவின் மேல் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று.

பிளாக் டைமைக் குறித்துவைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து மணி நேரம் வரை இருக்கும் பயணத்தில், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் இந்திய நிறுவனங்கள் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவு தர வேண்டும். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதமே போதும். நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இந்தக் கட்டாயம் இல்லை. தேடி வந்து தருவார்கள் என்று உட்கார்ந்திருக்காமல் கவுண்டரில் கேளுங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் வழியாகப் போனால் மலிவு, தூரமும் அதிகமாகாது என்கிறாரே ஏஜென்ட்?

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. கோலாலம்பூர் ஏறக்குறைய போகிற வழியிலேயே இருக்கிறது. கொழும்பு வழி என்றால்தான் சுமார் 500 கி.மீ. கூடும். ஆனால் ஒரு மணி நேரம் பறப்பதற்காக அங்கே மூன்று, நான்கு மணி நேரம் உட்கார வேண்டிவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். போவதென்றால், இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் (முன்பதிவு எண்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், புது டிக்கெட் செலவும் உங்கள் தலையில்தான்.