துணிப்பைத் தொழில்: ஆசை இருக்கிறது, கை வரவில்லை

கேள்வி: பல்லடம் பக்கத்துக் கிராமத்துப் பெண், வயது 34. பிளாஸ்டிக் பை மேல் கோபம்; அதற்குப் பதிலாகப் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டில் துணிப்பை தைத்து விற்க 2 வருடமாக ஆசை. பயிற்சிக்கும் போனேன். தொடங்கக் கை வரவில்லை. எனக்குத் தைரியம் போதாதா? ஒருவர் 3 லட்சத்துக்கு மெஷின் தந்து பைகளை அவரே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தைரியத்தில் குறையில்லை. ஒரு காரியம் பிடித்திருக்க வேண்டும், வேண்டியவர்கள் தடுக்கக் கூடாது, நம்மால் முடியுமென்று தோன்ற வேண்டும். இந்த மூன்றும் கூடக் கூடத்தான் மனது இறங்கும் என்கிறது ஐசெக் ஐசென் 1991-ல் எழுதிய உளவியல் விளக்கம். பிளாஸ்டிக் மேல் உள்ள கோபம் முதலாவதை மட்டும்தான் வளர்க்கும். உங்களுக்கு இடிப்பது மூன்றாவது. அது செய்து பார்த்தால்தான் வரும். பயிற்சிகளிலோ நாள் முழுக்க ஸ்லைடு, கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். ஒரு பையையாவது கடையில் விற்றுவிட்டு வா என்று சொல்ல ஆளில்லை!

முதலில் 50 பை தையுங்கள். 5 கிலோ அரிசி போட்டு ஒன்றை இரவு முழுக்க ஆணியில் மாட்டுங்கள். பனியன் துணி இழுபட்டுத் தொங்கும். பிடிக்குக் காடாத் துணிப் பட்டை வைத்து, அது பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே குறுக்குத் தையல் போடுங்கள். அப்புறம் இரண்டு மளிகைக் கடை ஏறி இறங்குங்கள். ஒரு கடைக்காரர் திரும்பக் கேட்டால் பயம் பாதி போய்விடும்.

அந்த மெஷின்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாக்குமட்டைத் தட்டு மெஷினில் எத்தனை பெண்கள் இப்படி ஏமாந்தார்கள்! மெஷின் விற்றவர்கள் முதல் லோடை வாங்குவார்கள், இரண்டாவதில் "தரம் இல்லை" என்பார்கள், மூன்றாவதில் போனையே எடுக்க மாட்டார்கள். வீட்டுத் தையல் மெஷினே இப்போதைக்குப் போதும். சிறு தொழிலை அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்கும் யாருக்கும் காசு தராதீர்கள், அது இலவசம்.

கடன் பிறகு. பி.எம்.இ.ஜி.பி. என்ற, சுயதொழில் தொடங்க மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசுத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம். அது உடனே கையில் வராது, 3 வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்கத்தான் செய்வார்கள், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றும் சொல்வார்கள்.

வீட்டுக்காரர் விஷயத்தில் ஒன்று. இத்திட்டத்தில் கணவன், மனைவி சேர்ந்து ஒரு குடும்பம், ஒருவருக்குத்தான் கிடைக்கும். அவர் என்றோ தறிக்கோ கடைக்கோ இதில் வாங்கியிருந்தால், உங்கள் விண்ணப்பத்தைக் கடைசிக் கட்டத்தில்தான் தள்ளிவிடுவார்கள், அதுவரை ஜெராக்ஸ் எடுத்தே அலைவீர்கள். கடனை அடைத்துவிட்டோமே என்றாலும் எடுபடாது. இன்றே அவரிடம் கேட்டுவிடுங்கள்.