பாத் நகர ரோமானியக் குளியல் கூடம்: அகழாய்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்றுக்குள்ளேயே அகழ்ந்தார்களாமே, என்ன கிடைத்தது, ஐயா?

பதில்: சுமார் 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கும் ஊற்று அது. 1979-80இல் தொல்லியலாளர் பேரி கன்லிஃப் அதை ஆய்ந்தபோது 12,000க்கும் மேற்பட்ட நாணயங்களும், சூலிஸ் மினர்வா தேவியிடம் முறையிட்ட சுமார் 130 சாபத் தகடுகளும் கிடைத்தன. தகடுகள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. எழுத்தைக் கீறி, சுருட்டியோ மடித்தோ நீரில் போட்டிருக்கிறார்கள். இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்த டோசிமெடிஸ் என்பவர், திருடியவன் புத்தியும் கண்களும் தேவியின் கோயிலிலேயே போகட்டும் என்று வேண்டியிருக்கிறார். பேரரசர்களின் கல்வெட்டுகளில் காணக் கிடைக்காத எளிய மக்களின் குரல் இது என்பதால்தான் இத்தகடுகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: அங்கே இன்று நீராடலாமா?

பதில்: கூடாது. 1978இல் அந்நீரிலிருந்த அமீபாவால் ஒரு சிறுமி இறந்தபின் அனுமதியில்லை. அருகிலுள்ள புதிய குளியல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய ரோமானிய நாணயத்தின் காலத்தைச் சொல்வீர்களா?

பதில்: நாணயவியலாளரைக் கேளுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பில்லாத நாணயம், தன்னை அச்சிட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, புதைந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லாது.

கேள்வி: பெருங்குளத்தைச் சுற்றிய தூண்களும் சிலைகளும் விக்டோரியா காலத்தவையாமே? அப்படியானால் எல்லாம் போலிதானே?

பதில்: இல்லை. தூண்களின் அடிப்பகுதிக்கு மேலுள்ளவை பிற்காலத்தவை. மேல்தளச் சிலைகள் 1897 திறப்பு விழாவையொட்டிச் செதுக்கப்பட்டவை. குளமோ ரோமானியருடையது, அதன் அடியில் அவர்கள் பாவிய 45 ஈயத் தகடுகள் இன்றும் நீரைத் தாங்குகின்றன.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் குளத்தை வெளிக்கொணர்ந்த நகர நில அளவையாளர் சார்லஸ் டேவிஸ் போதிய பதிவின்றித் தோண்டினார் என்று நீங்கள் குறை கூறுவது நியாயமா? அவர் தோண்டாவிட்டால் நாம் எதைப் பார்த்திருப்போம்?

பதில்: பார்த்திருக்க மாட்டோம், அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் முதலில் மரக்கூரையாக இருந்து, பின்னர் உள்ளீடற்ற செங்கற்களாலான வளைகூரையாக மாறிய மேற்கூரை எப்போது, எப்படிச் சரிந்தது என்பதற்கான சான்று, குளத்தை மூடியிருந்த அந்தச் சேற்றிலும் இடிபாட்டிலும்தான் அடுக்கடுக்காக இருந்தது. போதிய பதிவின்றி அது அள்ளப்பட்டது. ரிச்சர்ட் மான் என்பவர் அளந்து வரைந்து வைத்த குறிப்புகள் இல்லையென்றால் இன்னும் பலவற்றை இழந்திருப்போம். அள்ளிய மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது.

கேள்வி: காலை மட்டுமாவது நனைக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், தொடவும் கூடாது.